பதின்மூன்று கொர்னேலியு

ஈஸ்டர் ஞாயிறு காலை. ஏரிக்கரையில், எங்கள் மறைமாவட்ட ஆயருக்குப் பக்கத்தில், கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளை அங்கியில் நின்றுகொண்டு, 'அடடா, எவ்வளவு கம்பீரமாக இருக்கிறேன்' என்று என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன். ஒரு குரு அப்படி நினைக்கக் கூடாதுதான். ஆனால் இந்தப் பங்குக்கு நான் வந்து ஏழு வருடம். ஏரிக்கு நடுவே இருக்கும் பூசோசித் தீவுக்காரர் ஒருவர் தலையிலாவது என் கையால் ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும் என்று ஏழு வருட ஆசை. தீவுக்காரர்கள் என் பிரசங்கத்துக்கு நன்றாகத் தலையாட்டுவார்கள். வாழைக்காயை அவித்துப் பிசைந்து நிலக்கடலைக் குழம்போடு வயிறு முட்டப் போடுவார்கள். ஞானஸ்நானம் என்று வாயெடுத்தால் மட்டும், "இந்த மழை முடியட்டும், பாக்கலாம் சாமி."

எத்தனை மழை!

அவர்களை மசிய வைத்தவர் பெர்பெத்துவா அம்மாள், எங்கள் உபதேசியார். சந்தைக்குப் போகும் தீவுக்காரர்களை அவர் கணவர் கசூலேதான் படகில் ஏற்றிக்கொண்டு வருவார். அம்மாளும் கூடவே ஏறி, படகிலேயே பாடம் நடத்துவார். "எங்க ஓடுவாங்க சாமி? சுத்தி தண்ணிதான!" என்பார். இப்படி மூன்று வருடம் விடாமல் பேசி, பதின்மூன்று பேரைச் சம்மதிக்க வைத்துவிட்டார். கற்றுக்கொடுப்பது அவர் வேலை, தண்ணீர் ஊற்றுவது என் வேலை. இந்த விஷயத்தில் நான் ரொம்பத் தெளிவாக இருந்தேன். ஞானஸ்நானத் தொட்டியைப் புளி போட்டுத் தேய்த்தேன், ஆயரை வரவழைத்தேன், பதின்மூன்று மெழுகுவர்த்தி வாங்கி வைத்தேன்.

படகு தெரிவதற்கு முன்பே பாட்டுச் சத்தம் கேட்டது. கரை தட்டியதும் தொப்பலாக நனைந்த மீன் வியாபாரி மதோவு முதலில் குதித்து, தன் பெருத்த உடம்போடு என் அங்கியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"சாமி! நான் இப்ப கொர்னேலியு!"

"என்னது?"

"நானும் கொர்னேலியு!" என்றார் பின்னாலேயே வந்த நல்வோகா. வாழைப்பழச் சாராயம் காய்ச்சி விற்கும் பெண்மணி. அவருக்குப் பின்னால் இன்னொரு கொர்னேலியு. அதற்கும் பின்னால் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு கரை முழுக்கக் கொர்னேலியு. ஆடுகிறார்கள், கும்மாளம் போடுகிறார்கள், யாரோ காலி மண்ணெண்ணெய் டின்னில் தாளம் போடுகிறார்.

பெர்பெத்துவா அம்மாள் கடைசியாக இறங்கி வந்தார். "திட்டாதீங்க சாமி. நடு ஏரியில காத்து புடிச்சிருச்சு. பலகை ஒண்ணு விட்டுப்போயி தண்ணி முழங்கால் வரைக்கும் வந்திருச்சு. எல்லாரும் 'ஊத்து, ஊத்து'ன்னு கத்துறாங்க. நீங்க சொல்லிக் குடுத்ததத்தான் செஞ்சேன்."

நான்தான் சொல்லிக் கொடுத்தேன், மறுக்க முடியுமா! உயிர் போகிற நிலையில், குரு பக்கத்தில் இல்லாவிட்டால், யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். வருடா வருடம் உபதேசியார்களுக்கு இதைப் பலாப்பழத்தை வைத்துப் பழக்குவேன். பலாப்பழத்துக்கு அம்மாள் ஊற்றிய அழகைப் பார்த்து நானே கைதட்டியிருக்கிறேன்.

"சரி, அது ஏன் எல்லாருக்கும் ஒரே பேரு?"

"இன்னைக்குப் படகுல நடத்துன பாடம் கொர்னேலியு கதை சாமி. வேற ஒரு புனிதர் பேரும் வாயில வரல."

"பொம்பளைங்களுக்குமா?"

"அந்த அலையில ஆம்பள பொம்பள யாரு பாத்தா?"

எனக்கு இன்னும் ஒரு நப்பாசை. முறை தவறியிருந்தால் செல்லாது, நான் மறுபடி ஊற்றலாம். "வார்த்தைய முழுசா சொன்னீங்களா?"

பதின்மூன்று பேரும் ஒரே குரலில், பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று ஒன்று விடாமல் கத்தினார்கள்.

"தண்ணி தலையில பட்டுச்சா?"

மதோவு சட்டையைக் கழற்றி என் செருப்பின் மேல் பிழிந்தார்.

"சாவு பயம் நெஜமாவே இருந்துச்சா?"

"இவன் என் ஆட்டத் திருடுனத படகுல ஒத்துக்கிட்டான் சாமி!" என்றார் நல்வோகா. "சாகப் போறோம்னு தெரியாம ஒத்துக்குவானா இவன்?"

"பொழைப்போம்னு தெரிஞ்சிருந்தா வாயத் தெறந்திருப்பனா?" என்று மதோவு தலையில் அடித்துக்கொண்டார்.

அவ்வளவுதான். ஞானஸ்நானம் ஒரு தடவைதான், இரண்டாம் தடவை கிடையாது. ஏழு வருட ஆசை, மீன் படகில் தண்ணீர் இறைக்கிற டப்பாவால் தீர்ந்துபோனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆயரைத் திரும்பிப் பார்த்தால், மனுஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். தலையிலிருந்த சின்னத் தொப்பி மணலில் விழுந்து கிடக்கிறது.

"அம்மா நல்லவங்க," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "தண்ணிய முடிச்சுட்டு, தைலத்த எனக்கு மிச்சம் வெச்சிருக்காங்க. ஞானஸ்நானத்துக்கு அடுத்த உறுதிபூசுதல நான் குடுத்துர்றேன்."

"அப்ப எனக்கு என்ன வேலை ஆயர் ஆண்டவரே?" என்றேன் வெடுக்கென்று.

"மெழுகுவத்திய அணையாம பாத்துக்குங்க."

அந்த நேரத்தில்தான் கசூலே, படகைக் கட்டிவிட்டு மேலே வந்தார். ஞாயிறுதோறும் மனைவியைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டுப் படகிலேயே உட்கார்ந்திருப்பவர். "எஞ்சின் எப்படி இருக்கு?" என்று கேட்பேன். "இருமுது சாமி," என்பார். எங்கள் இருவர் பேச்சு ஏழு வருடமும் அதைத் தாண்டியதில்லை.

"சாமி, எனக்கு?" என்றார்.

பெர்பெத்துவா அம்மாள் துள்ளிவிட்டார். "உனக்காய்யா? எல்லாருக்கும் ஊத்தும்போது உன்னையும் கேட்டேன்ல? வேணாம்னுட்ட!"

"வேணாம்னு எங்கடி சொன்னேன்? 'அப்புறம்'னேன். தலையில ஊத்துனா கண்ண மூடணும். நான் கண்ண மூடியிருந்தா பதிமூணு பேரும் இந்நேரம் மீனுக்குத் தீனி."

டின் தாளம் நின்றுபோனது.

"நீங்க பாடமே படிக்கலையே," என்றேன்.

"மூணு வருஷமும் பாடம் என் படகுலதான சாமி நடந்துச்சு? காதப் பொத்திக்கிட்டா ஓட்டுனேன்?"

ஆயர் கேட்டார்: "அப்ப சொல்லுங்க, கொர்னேலியு யாரு?"

"ரோமாபுரி படைத் தலைவரு. ஊரு ஒலகத்துக்கு வெளியாளு, ஆனா நல்ல மனுஷன். பேதுரு அவரு வீட்டுல பிரசங்கம் பண்ணாரு. அவரு பேசி முடிக்கறதுக்குள்ளயே பரிசுத்த ஆவி எறங்கிருச்சு. பேதுருவுக்குத் தண்ணி ஊத்தச் சொல்ற வேலைதான் மிச்சம்."

ஆயர் என்னைப் பார்த்தார். தண்ணீர்க் குடுவையை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"பேரு?" என்றேன்.

"கொர்னேலியு!" என்று கரையே அலறியது.

"ஐயோ, வேணவே வேணாம்!" என்றார் அம்மாள். "ஒருத்தரக் கூப்பிட்டா மொத்தப் படகும் திரும்பும்!"

"அதே பேரு வைங்க சாமி. ஏறுனவங்களுக்கு ஒரு பேரு, ஓட்டுனவனுக்கு வேறயா?"

பதின்மூன்று தலைகளாக இருந்திருந்தால், தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற மாதிரி மளமளவென்று ஊற்றிக்கொண்டே போயிருப்பேன். இந்த ஒரு தலைக்குக் குடுவையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், சந்தோஷம் தாங்கவில்லை.

"கண்ண மூடிக்குங்க," என்றேன்.

கசூலே மூடவில்லை. திரும்பிப் படகைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"எல்லாரும் எறங்கியாச்சுல்ல?"

"எறங்கியாச்சுய்யா," என்றார் பெர்பெத்துவா அம்மாள்.

அதற்குப் பிறகுதான் கண்ணை மூடினார். நான் ஊற்றினேன்.