கடைசிக் கட்டம்

"பென்சில் டப்பாவ இங்க வெச்சிட்டுப் போங்க சார்," என்றாள் பிரெஞ்சு நூலகத்தின் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அன்புசெல்வி. "பசங்க புக்குல கிறுக்கிடுறாங்கன்னு ரூலு. ஒங்களுக்கும் அதேதான்."

யூஜின் டப்பாவை மேசையில் வைத்தான். கலர் பென்சில்களில் நீலம் மட்டும் புதிதாகச் சீவியிருந்தது. பழைய தமிழ் காமிக்ஸை மட்டும் உள்ளே கொண்டுபோனான்.

அது அவன் மனைவி லூர்துசெல்வியுடையது. மட்டமான சாணித்தாளில் கருப்பு வெள்ளையாக அச்சான, பிரெஞ்சிலிருந்து தமிழுக்கு வந்த குதிரைவீரன் கதை. சேதராப்பட்டு கம்பெனியிலிருந்து திரும்பியதும் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு கட்டம் கட்டமாக வண்ணம் தீட்டுவாள். "ஒரிஜினலு கலர்ல லைப்ரரில இருக்கு. பாத்துட்டு அடிக்கலாமே," என்று ஒருமுறை சொன்னான். "பாத்துட்டா அப்புறம் எனக்கு இன்னாப்பா வேல?" என்றாள்.

பிப்ரவரியில் வந்த காய்ச்சல் அவளைக் கொண்டுபோனது. கடைசிப் பக்கத்தின் கடைசிக் கட்டம் பாக்கி நின்றது. குதிரைக்கும் வீரனுக்கும் மட்டும் பழுப்பு தீட்டியிருந்தாள். அதுவும் அரைகுறை, தொப்பியின் மேலும் தோளிலும் வண்ணம் படவில்லை. சுற்றிலும் வெறும் தாள்.

அதை முடித்துக் கொடுத்துவிட வேண்டும். அவள் போன பிறகு அவனுக்கு வந்த ஒரே ஆசை அது. நேற்று நீலத்தை எடுத்து ஓரத்தில் ஒரு கோடு இழுத்தான். கை நின்றுவிட்டது. வானமா, தண்ணீரா, மணலா? தப்பாக அடித்துவிட்டால் யாரைக் கேட்பது?

அன்புசெல்வி அதே கதையின் பிரெஞ்சு ஆல்பத்தைக் கொண்டுவந்து வைத்தாள். கெட்டி அட்டை. மடியில் கொள்ளாத அகலம். கடைசிப் பக்கத்தைத் திருப்பினான்.

முதலில் வண்ணமே கண்ணில் படவில்லை, கோடுதான். சாணித்தாளில் கீறலாகத் தெரிந்த குதிரைக் கழுத்து இங்கே ஒரே தூரிகை இழுப்பு. தோளில் தடித்து, காதருகே மயிரிழையாக முடிந்தது. வரைந்தவனின் கை எங்கும் தயங்கவில்லை. கீழே தரை என்று எதுவும் வரையவில்லை. குளம்புகளைப் பாதியில் நிறுத்தியிருந்தான், அவ்வளவுதான். பாதிக் குளம்பு போதும்; மீதி தாள் முழுக்கப் பனியாகிவிட்டது. தொப்பியின் மேல் வெள்ளை. தோளில் வெள்ளை. சுற்றிலும் வண்ணம் தொடாத வெறும் தாள்.

மே மாத வெயிலில், ஓடியும் ஓடாத மின்விசிறிக்குக் கீழே, அவன் கை சிலிர்த்தது. இப்படிக் கொட்டிக் கிடக்கும் பனியை அவன் பார்த்ததில்லை. அவளும்தான்.

தமிழ் காமிக்ஸைப் பக்கத்தில் விரித்தான். மேல் கட்டங்களில் ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை. ஓவியனின் மஞ்சள் வானம் இவளிடம் கத்தரிப்பூ நிறம். சாம்பல் மலை, கிளிப்பச்சை. கடைசிக் கட்டம் மட்டும் அச்சு அசல். வெறும் கோடுகளைப் பார்த்தே அது பனி என்று கண்டுபிடித்திருக்கிறாள்.

"முடிச்சிட்டா," என்றான்.

"இன்னா சார்?" எட்டிப் பார்த்தாள் அன்புசெல்வி. "யாரு அடிச்சது இது?"

"எம் பொண்டாட்டி."

"வானம் கத்திரிப்பூ கலரா! அந்த வெள்ளக்காரனோடதுக்கு இது தேவலாம் சார்." பிறகு விரலை வைத்தாள். "ஓரத்துல இன்னா, நீலக் கோடு?"

"அது நானு."

"ரப்பர் தரட்டா?"

வெள்ளையின் விளிம்பில் அந்த ஒற்றைக் கோடு கிடந்தது. குதிரை அதைத் திரும்பிப் பார்க்காமல், தோளில் பனியோடு, போய்க்கொண்டிருந்தது.