காது கடைசியில்தான் தூங்கும்

ஊரில் எது நடந்தாலும் அது முதலில் என் காதுக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. எங்கள் ஊர் ஹெட்லண்டில் ரயிலடிக்கும் கன்னியாஸ்திரீகளின் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவளுக்கு அது பெரிய காரியமும் இல்லை. வெர்னா பாக்கன் சொன்னால் பாதியைத் தள்ளிவிட்டு மீதியில் பாதியை நம்பு என்று என் முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். முகத்துக்கு நேராகச் சொல்பவர்களும் உண்டு. நான் கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் சொல்வேன். உப்பில்லாமல் பரிமாறினால் கடைக்கு யார் வருவார்கள்?

போர் முடிந்து இரண்டாவது இலையுதிர்காலம். வயல்களில் பீட்ரூட் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார்கள். என் பித்தப்பையில் கல் இருப்பதாக டாக்டர் க்வாலே கண்டுபிடித்து, அறுத்து எடுத்தே ஆக வேண்டும் என்று நாளும் குறித்துவிட்டார். அதே நாளில்தான் தலைநகரிலிருந்து ஓர் அதிகாரி அம்மா ஆஸ்பத்திரியைப் பார்க்க வருகிறாள் என்று தெரிந்தது. பயமெல்லாம் அப்போதே பாதி போய்விட்டது. இவ்வளவு பெரிய சங்கதி நடக்கும் அறைக்குள்ளேயே நான் படுத்திருக்கப் போகிறேன்!

சங்கதி இதுதான். எங்கள் ஆஸ்பத்திரியில் சிஸ்டர் லியோபா ஒரு பள்ளிக்கூடம் நடத்தி வந்தார். அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்கச் செவிலியர்களைப் பழக்கும் பள்ளிக்கூடம். ஒரே ஒரு ஆசிரியர், அவர்தான். மூன்று மாணவிகள். படிப்பு முடிகிற நேரத்தில் அரசாங்கம் புதுச் சட்டம் போட்டுவிட்டது. மாநிலம் ஒப்புதல் கொடுத்த பள்ளியில் படித்தவர்கள்தான் பரீட்சை எழுதலாம், இல்லையென்றால் படித்ததெல்லாம் வீண். அந்த மூன்று பேரில் டெல்ஃபின் வாங்லர் என் கடை மாடியில் குடியிருந்தாள். ஜெர்மன்காரப் பண்ணைக் குடும்பத்துப் பெண். அவள் ஊரில் டாக்டர் உண்டு, கத்தி உண்டு. மயக்க மருந்து கொடுக்கத்தான் ஆள் கிடையாது. மருந்துக்கடைக்காரர் வந்து ஈதரைச் சொட்டு சொட்டாக ஊற்றிவிட்டு, ஆள் செத்துவிடக் கூடாதே என்று ஜெபம் பண்ணுவாராம். அப்படித்தான் கை ஒடிந்து அங்கே போன அவள் அண்ணன் திரும்பி எழுந்திருக்கவேயில்லை. நான் போய் அந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பாள். வேறு பேச்சே அவளுக்கு இல்லை.

என் தாடையில்தான் அவள் பாடம் படித்தாள். நான் பட்டாணி உரித்துக்கொண்டிருப்பேன். பின்னால் வந்து நின்று, சுண்டு விரலைத் தாடை எலும்புக்குப் பின்னால் கொடுத்து மெல்லத் தூக்குவாள். தூக்கினால் மூச்சு தடையில்லாமல் போகுமாம். அப்போதும் நான் வாயை மூடியதில்லை. அதனாலேயே தாடை தூக்க உங்களைவிடக் கஷ்டமான ஆள் கிடையாது, மிஸஸ் பாக்கன் என்று சிரிப்பாள்.

சிஸ்டர் லியோபாவின் பள்ளியில் வேறு எங்கும் இல்லாத ஒரு வழக்கம் இருந்தது. மயக்க மருந்து முகமூடியை வைத்ததும் நோயாளியை ஒரு கதை சொல்லச் சொல்வார்கள். சொல்லிக்கொண்டே தூங்கிப் போவார்கள். கண் விழிக்கும்போது விட்ட இடத்தை எடுத்துக்கொடுத்து அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்பார்கள். தொடர்ந்து சொல்லிவிட்டால் ஆள் முழுசாகத் திரும்பி வந்துவிட்டார் என்று அர்த்தம். இன்னொரு விதியும் உண்டு. நோயாளியின் கண் செருகும், நாக்கு தடித்துப்போகும், கை துவளும், ஆனால் காது கடைசியில்தான் தூங்கும். ஆகையால் மயக்கம் கொடுப்பவள் தலையசைக்கும்வரை அந்த அறையில் யாரும் வாய் திறக்கக் கூடாது. டாக்டர் க்வாலேகூட அதற்குக் கட்டுப்படுவார்.

அதிகாரி அம்மா முந்தின நாளே வந்து இறங்கிவிட்டாள். பெயர் மிஸ் டால்கிரென். ஸ்வீடன்காரி. ஹெட்லண்டில் குடியேறிய நாங்கள் நார்வேக்காரர்கள், எங்களுக்கு ஸ்வீடன்காரர்களைப் பற்றிச் சில அபிப்பிராயங்கள் உண்டு. அவள் என் கடைக்கு வந்தாள், கருப்புக் காப்பி மட்டும் கேட்டாள். நான் ஆப்பிள் வைத்துச் சுட்ட பலகாரத்தில் ஒரு துண்டு வெட்டி முன்னால் வைத்தேன். தள்ளி வைத்தாள். மறுநாள் விடியற்காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மறுபடி காப்பி. எனக்கோ அன்று பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது. பட்டினியாக நின்றுகொண்டு அவளுக்காகப் பான்கேக் சுட்டு வெண்ணெய் தடவி வைத்தேன். அதையும் தள்ளி வைத்தாள்.

"இந்த ஊர்ல யார் கையிலயும் நான் சாப்பிடறதா இல்லம்மா. நாளைக்கு ஒரு பேச்சு வந்துடும்" என்றாள்.

"ஒரு பான்கேக்குக்கு விலை போற மாதிரியா இருக்கீங்க? வெறும் வயித்தோட நின்னா வயிறு உங்கள விட ஜாஸ்தியா பேசும்" என்றேன்.

சிரிக்கவில்லை. இருபது வருஷம் தானும் மயக்க மருந்து கொடுக்கும் வேலை பார்த்தவள் என்பதை மட்டும் அவளிடமிருந்து பிடுங்க முடிந்தது. அதற்கு மேல் வாயே திறக்கவில்லை. அவ்வளவு அழுத்தமான ஆள். எனக்கு உள்ளுக்குள் அரித்தது. ஒப்புதல் தரப் போகிறாளா, இல்லையா?

மேசையில் ஏற்றிப் படுக்க வைத்தபோது நான் ஒரு முடிவோடு இருந்தேன். எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம் தூங்கக் கூடாது. நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்தால்தான் இவர்கள் வாய் திறப்பார்கள். என் தலைமாட்டில் டெல்ஃபின் நின்றாள். சிஸ்டர் லியோபா சுவரோரம். டாக்டர் க்வாலே கை கழுவிவிட்டு வந்தார். அவருக்குப் பக்கத்தில் மிஸ் டால்கிரென்.

ரப்பர் வாசனையோடு முகமூடி இறங்கியது. தாடைக்குப் பின்னால் அந்தப் பழகிய சுண்டு விரல் வந்தது. கதை சொல்லுங்கள் என்றாள் டெல்ஃபின். நான் பியானோ கதையைத் தொடங்கினேன். என் வீட்டுக்காரர் பால்மர், ஆண்டவர் அவர் ஆத்மாவுக்கு அமைதி தரட்டும், ஏலத்தில் ஒரு பழைய பியானோவை எடுத்துக் கடையில் கொண்டுவந்து போட்டார். வெயில் காலம் வந்ததும் கடை நாறத் தொடங்கியது. எலி செத்துக் கிடக்கிறது என்றேன் நான். உன் சமையல்தான் என்றார் அவர். ஒரு நாள் பொறுக்க முடியாமல் பியானோவின் அடிப்பலகையைக் கழற்றிக் கையை உள்ளே விட்டார்.

அந்த இடத்தில் நாக்கு நின்றுவிட்டது. வாய்க்குள் யாரோ துணியைத் திணித்தது மாதிரி இருந்தது. கண்ணைத் திறக்கப் பார்த்தேன், எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. ஆனால் கேட்டது.

"தூங்கிட்டாங்க" என்றது மிஸ் டால்கிரெனின் குரல். "டாக்டர், உங்ககிட்ட மறைக்க விரும்பல. ஒரே ஒரு டீச்சர், மூணு பொண்ணுங்க. பள்ளிக்கூடம்னு சொல்ல இங்க ஒண்ணுமில்ல. நான் கையெழுத்துப் போடறதா இல்ல."

"தயவுசெஞ்சு பேசாதீங்க." இது டெல்ஃபின். "அவங்களுக்குக் காது கேக்குது."

"கண்ணப் பாரும்மா. தூங்கி நேரமாச்சு. நானும் இந்த வேலைதான் பாத்தேன்."

"இருக்கட்டும் மேடம். நான் தலையாட்டற வரைக்கும் யாரும் பேசக் கூடாது."

தன் தலையெழுத்தையே எழுதப் போகிறவளிடம் இந்தப் பெண் இப்படிப் பேசுகிறாளே என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. அப்புறம் ஒரே அமைதி. அந்த அமைதியில் இன்னும் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

கண் விழித்தபோது குமட்டிக்கொண்டு வந்தது. டெல்ஃபின் கிண்ணத்தோடு நின்றாள், அவளுக்குப் பின்னால் மிஸ் டால்கிரென். பால்மர் பியானோவுக்குள் கையை விட்டார், அப்புறம் என்று கேட்டாள். "கருவாடு" என்றேன். வாந்தி எடுத்துவிட்டு மறுபடி தூங்கிப் போனேன்.

சாயங்காலம் தெளிந்ததும் என் வாய் சும்மா இருக்குமா? தலையணை தட்டிப்போட வந்த செவிலியிடம் நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மா கையெழுத்துப் போட மாட்டாளாம், என் காதால் கேட்டேன் என்றேன். இரவுச் சாப்பாட்டுக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. என் கடையில் கூட்டம் கூடி, தலைநகரத்துக்காரியைத் திட்டித் தீர்த்தார்களாம். அது மிஸ் டால்கிரென் தங்கியிருந்த விடுதிவரை போயிருக்கிறது.

மறுநாள் காலையில் அவள் என் கட்டில் முன்னால் வந்து நின்றாள். முகம் கல். கூட சிஸ்டர் லியோபாவும் டெல்ஃபினும். டெல்ஃபின் அழுதிருந்தாள், இமையெல்லாம் வீங்கியிருந்தது.

மிஸ் டால்கிரென் சுற்றி வளைக்கவில்லை. அறுவை அறையில் பேசியது அறையைத் தாண்டக் கூடாது, அதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம் என்றாள். நோயாளியான நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள், ஆகவே வெளியே சொன்னது அந்த அறையில் விழித்திருந்தவர்களில் ஒருவர். டெல்ஃபின் உங்கள் மாடியில் குடியிருப்பவள். உங்களிடம் சொன்னது அவள்தான். இனி பள்ளிக்கூடத்தின் பேச்சே வேண்டாம், இந்தப் பெண் எங்குமே இந்த வேலை பார்க்க முடியாதபடி எழுத வேண்டியிருக்கும் என்றாள்.

என் வாய்க்கொழுப்பால் அந்தப் பெண்ணின் வாழ்க்கையே போகப் போகிறது. யாரும் சொல்லவில்லை, நானேதான் கேட்டேன் என்றேன். சொன்ன வார்த்தைகளை அப்படியே ஒப்பித்தேன், ஒரு கல் உப்புகூடச் சேர்க்காமல். அவள் அசையவில்லை. வார்த்தைகளை யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொடுத்திருக்கலாம் என்றாள். உங்கள் பேச்சை இந்த ஊரில் எத்தனை பங்கு நம்புவார்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் வந்தேன் என்றும் சொன்னாள்.

அது சுட்டது. உண்மை வேறு, அதனால் இன்னும் சுட்டது. ஜன்மத்தில் முதல் தடவையாக நான் உப்புப் போடாமல் ஒன்றைச் சொல்கிறேன், அதை வாங்க ஆளில்லை. சிஸ்டர் லியோபாவைப் பார்த்தேன். அவர் ஜெபமாலையை உருட்டத் தொடங்கியிருந்தார். டெல்ஃபின் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் அந்தச் சின்னச் சத்தம் ஞாபகத்துக்கு வந்தது.

"டெல்ஃபின் உங்கள வாய மூடச் சொன்னாளே, அதுக்கப்புறம் எல்லாரும் சும்மா இருந்தீங்க" என்றேன். "அப்ப உங்க வயிறு கத்திச்சு. நீளமா, கதவு திறக்கற மாதிரி. பான்கேக் சாப்பிட்டுப் போங்கன்னு சொன்னேன், கேட்டீங்களா?"

மிஸ் டால்கிரெனின் கை தானாகப் போய் வயிற்றின் மேல் உட்கார்ந்தது. டாக்டருக்கு அது கேட்டிருக்காது, அவருக்கு ஒரு காது மந்தம். சிஸ்டர் லியோபா தள்ளிச் சுவரோரம் நின்றார். டெல்ஃபின் கேட்டிருந்தாலும் ஓர் அதிகாரியின் வயிறு கத்தியதைப் போய் யாரிடமாவது சொல்வாளா? வெட்கத்தில் செத்தே போயிருப்பாள். அதைக் காதில் வாங்கி, பத்திரமாக வைத்திருந்து, மறுநாள் எடுத்துச் சொல்லும் ஆள் ஊரில் ஒருத்திதான். அது அவளுக்கும் புரிந்துவிட்டது.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒரு ரயில்வேக்காரர்" என்றாள். யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை. "ரெண்டு காலும் நசுங்கி வந்தாரு. நான்தான் மயக்கம் குடுத்தேன். தூங்கிட்டாருன்னு நினைச்சு, இவரு பிழைக்க மாட்டாரு, பொண்டாட்டிக்குச் சொல்லி அனுப்புங்கன்னு சொன்னேன். பிழைச்சுட்டாரு. வீட்டுக்குப் போறப்ப எல்லாருக்கும் கை குடுத்தாரு, எனக்கு மட்டும் குடுக்கல. நான் என்ன தப்பு பண்ணேன்னு இத்தனை வருஷமா யோசிச்சிட்டிருந்தேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். நேற்றுவரை அவள் மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பாவமாக இருந்தது. டெல்ஃபின் அவளருகே போய், மேடம் என்று கூப்பிட்டுத் தோளில் கை வைத்தாள்.

மிஸ் டால்கிரென் எழுந்து உடையைச் சரிசெய்துகொண்டாள். குரல் பழையபடி அதிகாரியின் குரலாகிவிட்டது. ஒரே ஆசிரியரை வைத்து நடத்துவது தப்புதான், அதில் தான் மாறப் போவதில்லை, ஒரு வருஷத்துக்குள் இரண்டாவது ஆசிரியரை வைக்க வேண்டும் என்று சிஸ்டர் லியோபாவிடம் கறாராகச் சொன்னாள். அதுவரைக்கும் ஒப்புதல் உண்டு, மூன்று பெண்களும் பரீட்சை எழுதலாம் என்றாள்.

"பள்ளிக்கூடம்னு சொல்ல ஒண்ணுமில்லன்னு சொன்னேன்ல, அத வாபஸ் வாங்கிக்கறேன்" என்று டெல்ஃபினிடம் சொன்னாள். "அந்த விதிய மத்த பள்ளிக்கூடத்துக்கெல்லாம் நானே சொல்றேன்."

வாசல்வரை போனவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பியானோவுக்குள் கருவாடு எப்படி வந்தது என்று கேட்டாள். நேற்றிலிருந்து அதுவே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறதாம்.

முன்பு அந்தப் பியானோ இருந்த வீட்டில் கொழுந்தன்மார் நாலு பேர். கிறிஸ்துமஸுக்கு வைத்திருந்த கருவாட்டை அவர்கள் கண்ணில் படாமல் அந்த வீட்டம்மா உள்ளே ஒளித்துவைத்துவிட்டு, எங்கே வைத்தோம் என்பதையே மறந்துபோனாள் என்றேன். மிஸ் டால்கிரென் சிரித்தாள், சத்தமாக. எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் தையல் விடவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, போய்ச் சாப்பிடுங்கள், கடையில் என் நாத்தனார் இருக்கிறாள் என்று விரட்டினேன்.

டெல்ஃபின் வசந்தத்தில் பரீட்சை எழுதி ஊருக்குப் போனாள். மருந்துக்கடைக்காரர் முதல் நாளே ஈதர் புட்டியை அவள் கையில் கொடுத்துவிட்டு ஓடிப்போனாராம். மிஸ் டால்கிரென் ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்துவிட்டுப் போன அன்று என் கடையில் பான்கேக்கை இரண்டு தட்டு சாப்பிட்டாள் என்று என் நாத்தனார் சொன்னாள். அப்புறம் எழுதுவதற்குத் தாள் கேட்டாளாம். ரயில் வரும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்த ரயில்வேக்காரருக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தாளாம்.