சிரித்தபடி இறங்கிய தலைவர்

ரொறன்ரோவில் ஒரு தமிழ்ச் சங்கத் தலைவரின் பேச்சை மூன்றாம் நிமிடத்திலேயே முடித்து, அவரைச் சிரித்தபடி மேடையிலிருந்து இறக்கிய ஒரே மனிதன் நான்தான்.

முடியும் என்று நான் முன்கூட்டியே சொன்னபோது நடன ஆசிரியை சுபாங்கி மட்டும் நம்பவில்லை. தலைவர் பேசி முடிக்க மண்டபம் பூட்டும் நேரமாகிவிடும். அவளுடைய மாணவிகள் வருடாவருடம் கட்டிய சலங்கையோடு ஆடாமலே வீடு திரும்பினார்கள்.

"அங்கிள், உவர் தொடங்கினா மைக்குக்கே வயசு போயிடும்."

"நான் வகுப்புக்குப் போய்ப் படிச்சனான், பிள்ளை!"

ஓய்வு பெற்ற கையோடு, நிகழ்ச்சித் தயாரிப்பின் அடிப்படைகளை ஒரே வார இறுதியில் கரைத்துக் குடித்திருந்தேன். மேடையில் நிற்பவருக்கு ஒரு ஸ்பீக்கர், சபைக்கு வேறு ஸ்பீக்கர் என்பது முதல் பாடம்.

தலைவர் முதல் தடவை "இறுதியாக" என்றதும், ஒலிக் கட்டுப்பாட்டு மேசையில் இருந்த நான் சபையின் ஸ்பீக்கரை நிறுத்தினேன். அவர் காதில் அவர் குரல் முழங்கிக்கொண்டே இருந்தது. போனில் தலை கவிழ்ந்திருந்த சனமோ, சத்தம் நின்றதும் பேச்சு முடிந்ததென்று நம்பி, பக்கத்து நகரமான அஜக்ஸ் வரை கேட்கக் கைதட்டியது. வாழ்நாளில் காணாத கைதட்டலில் உருகிய தலைவர், கும்பிட்டபடி இறங்கினார்.

பிள்ளைகள் ஆடி முடித்ததும் சுபாங்கி என்னிடம் ஓடிவந்தாள். "இப்ப நம்புறியோ, பிள்ளை?" என்றேன்.

"ஓம் அங்கிள், நடந்ததுதான். என்ர கண்ணால கண்டன்."