திரையில் வந்த விடை

காளியாத்தாள் எழுதிய புரோகிராமின் ஒரு பகுதி, ஒரு ஃபங்ஷன், மூன்றாவது முறையும் சோதனையில் தோற்றது. சரவணம்பட்டி சாஃப்ட்வேர் கம்பெனியில் மூன்று மாதப் பயிற்சி இன்றோடு முடிகிறது. மதியம் ஒரு மணிக்குள் தேறினால் வேலை. இல்லாவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாராபுரம் பஸ் ஏற வேண்டியதுதான்.

மேட்டுப்பாளையத்து உருளைக்கிழங்குக் கிடங்கின் சராசரி வெப்பநிலையை அவளுடைய ஃபங்ஷன் கணக்கிட வேண்டும். அந்த எண் பத்து டிகிரியைத் தாண்டினால் இன்னொரு ஃபங்ஷன் எச்சரிக்கை அனுப்பும். திரையில் 11.4 என்று சரியாகத்தான் வந்தது. எச்சரிக்கைதான் போகவில்லை.

"ஏனுங்க சார், விடை கண்ணு முன்னால நிக்குதுங்களே! உங்க சோதனைதானுங்க தப்பு."

பயிற்சி கொடுக்கும் ரிஃபத் எட்டிப் பார்த்தார். "உங்க கண்ணு முன்னால நிக்குதுங்க. அடுத்த ஃபங்ஷனுக்குக் கண்ணு இருக்குதுங்களா?" டீ குடிக்கப் போய்விட்டார்.

பக்கத்து இருக்கை ஸ்டீவ் இளித்தான். "அம்மணி, கோயில்ல பூக் கேட்டு, சாமி உத்தரவு குடுக்குதான்னு பாருங்க."

"மொதல்ல உன்னைய வெட்டிப் பொங்க வெக்கறேன். மூடிட்டு இருடா."

அதே கோபத்தில் ஃபங்ஷனைக் கூப்பிட்டு, அது திருப்பித் தருவதை ஒரு பெயரில் சேமித்து, அந்தப் பெயருக்குள் என்ன இருக்கிறதென்று பார்த்தாள். காலி. எண்ணைத் திரையில் காட்டிவிட்டு, கேட்டவர் கையில் ஒன்றும் கொடுக்காமலே அது முடிந்திருந்தது.

சுருக்கென்றது. கல்லூரி லேபில் நான்கு வருடமும் 'அவுட்புட் வந்துருச்சா? ரெக்கார்டுல ஒட்டு' என்பதுதான் பாடம். வெளியிலிருந்து வந்த தேர்வாளரும் திரையைப் பார்த்துத்தான் மார்க் போட்டார். அதனால் அவள் எழுதிய ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் கடைசி வரி, விடையைத் திரையில் காட்டும் பிரிண்ட். விடையைக் கேட்டவரிடம் கொடுக்கும் ரிட்டர்ன் என்பது மனப்பாடம் செய்த இரண்டு மார்க் கேள்வி. இந்தப் படிப்புக்குத்தான் வீட்டின் முதல் பட்டதாரி என்று ஃப்ளெக்ஸ் வைத்தார்கள்.

மணி பன்னிரண்டே கால். அவள் எழுதியவை மொத்தம் ஒன்பது ஃபங்ஷன்கள். ஒவ்வொன்றிலும் பிரிண்டை நீக்கிவிட்டு ரிட்டர்ன் எழுதினாள். எழுதியதைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, எண் கைக்கு வருகிறதா என்று பார்த்தாள். எட்டாவதில் ஒரு ரிட்டர்ன் விட்டுப்போயிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு திருத்தினாள்.

பன்னிரண்டு ஐம்பதுக்குச் சோதனையை ஓட்டினாள். எச்சரிக்கை போயிற்று.

"ஸ்கிரீன்ல ஒண்ணையுங் காணமே?" என்றான் ஸ்டீவ்.

"உனக்கெதுக்குக் காட்டோணும்? போக வேண்டிய எடத்துக்குப் போயிருச்சு."

ரிஃபத் வந்து பார்த்தார். "தேறிட்டீங்க."

"தேறுவேனுங்க. எங்க காலேஜ்ல இருந்து அடுத்த பேட்ச்சுக்கு ஆறு பேரு வாராங்க. மொத நாளே இந்த பிரிண்ட், ரிட்டர்ன் விசயத்தைச் சொல்லிப்போடுங்க. நீங்க சொல்லலீன்னா நான் சொல்லிப்போடுவேன்."