தீப்பெட்டியின் எடை

பல்செட்டக்காவின் சைக்கிள் சும்மா நிற்கும்போது பத்தொன்பது கிலோ. வரும்போது ஒரு தீப்பெட்டி வாங்கி வா என்று அவளிடம் யாராவது சொல்லிவிட்டால் நூற்றுப் பன்னிரண்டு கிலோ. எடை போட்டுப் பார்த்தவர் தெருமுனைப் பழைய பேப்பர் கடைக்காரர். தராசு விஷயத்தில் அவர் சொல்வதைத் தெரு நம்புவதில்லை என்றாலும் அன்றைக்கு முள்ளைப் பார்க்கப் பதினோரு பேர் சுற்றி நின்றார்கள். தபால் பெட்டியில் போட ஒரு கடிதம் என்றால் எண்பது கிலோ, மருந்துச்சீட்டு என்றால் நூற்று நாற்பது. தையற்கடையில் மருமகளின் ரவிக்கை தயாராகிவிட்டதா என்று ஒரு வார்த்தை கேட்டு வரச் சொன்னபோது முள் முழுச் சுற்று சுற்றிப் பூஜ்யத்தில் வந்து நின்றது. கடைக்காரர் தராசின் மேல் சாக்கைப் போட்டு மூடிவிட்டு, இன்றைக்கு வியாபாரம் போதும் என்றார்.

அவளுக்கு அந்தப் பெயர் வந்தது மூன்றாவது குறுக்குத் தெரு மாடியில் இருக்கும் பல்செட் பட்டறையால். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, ரோஸ் நிற மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, அரத்தால் ராவி, யாருடைய வாயோ யாருடைய சிரிப்போ தெரியாமல் பளபளப்பாக்குவது அவள் வேலை. சைக்கிள் வைத்திருந்த ஒரே குற்றத்துக்காக, செய்து முடித்த பற்களை மருத்துவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அவள் தலையில் விழுந்தது. கறுப்புச் சைக்கிள், வளைந்த சட்டம், கம்பி பிரேக், சுருள்கம்பி வைத்த தோல் சீட்டு, சக்கரத்தில் உரசி எரியும் டைனமோ விளக்கு. இருபத்தாறு வருடம் அதன் கேரியரில் ஊராரின் பற்கள் அட்டைப் பெட்டிக்குள் கடகடவென்று பேசிக்கொண்டே போயின. அது போதாதென்று வீடும் சேர்ந்துகொண்டது. "போறதுதான் போறே, அப்படியே பிளேடு ஒண்ணு." "போறதுதான் போறே, அப்படியே செருப்பைத் தைக்கக் கொடுத்துடு." இந்த "போறதுதான் போறே"யைச் சைக்கிளும் இருபத்தாறு வருடம் காது கொடுத்துக் கேட்டது என்பதை அப்போது யாரும் யோசிக்கவில்லை.

ஐம்பத்து மூன்றாவது வயதில், கோடையின் முதல் ஞாயிறு, காலை ஐந்தரை மணிக்கு அவள் சைக்கிளைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, கேரியரைக் காலியாக வைத்து வெளியே உருட்டினாள். வாசலில் அவள் புருஷன் நின்றார். ரயிலில் முப்பத்து நாலு வருடம் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். மனிதகுலத்தை டிக்கெட் உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று இரண்டாகப் பிரித்து வைத்திருந்தவர். வீட்டில் யாராவது குளிக்கப் போனால்கூட "எங்கே?" என்று கேட்டுவிட்டுத்தான் வழிவிடுவார்.

"எங்க போறே?"

"எங்கேயும் இல்ல."

"எங்கேயும் இல்லாததுக்கு எதுக்குச் சைக்கிள்?"

"எங்கேயாவது போறதுன்னா பஸ்ஸே போதுமே."

அவர் அடுத்த கேள்வியைக் கேட்பதற்குள் மணிச்சத்தம் தெருமுனையைத் தாண்டிவிட்டது. ஏரிச் சாலையில் மரம் அறுக்கும் மில், நீரேற்று நிலையம், செங்கல் சூளை எல்லாம் கடந்து மேட்டின் உச்சிவரை போய்த் திரும்பினாள். போக வர இருபத்திரண்டு கிலோமீட்டர். ஏற்றத்தில் சைக்கிள் தானாக ஏறியது என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். பெடலின் மேல் கால் சும்மா வைத்திருந்தாளாம். இறக்கத்தில் அவள் வாயை அகலத் திறந்து காற்றுக்குத் தன் பல்லைக் காட்டினாள். சொந்தப் பல், முப்பத்திரண்டும். முதுகில் வியர்வை காய்ந்தது. தார் சூடேறும் முன்பே வீட்டுக்கு வந்து, இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்து, யாரிடமும் எதுவும் சொல்லாமல் உட்கார்ந்தாள். இந்தச் சொல்லாமல் உட்கார்ந்ததுதான் தெருவுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை, பற்பெட்டியைக் கேரியரில் வைத்ததும் சைக்கிள் அசையவில்லை. பட்டறை முதலாளியும் காவலாளியும் சேர்ந்து தள்ளினார்கள். பிரேக் கம்பிகளைக் கழற்றிப் பார்த்தார்கள். அப்போதுதான் தராசுக்கு எடுத்துப் போனது, போன வழியெல்லாம் நாலு பேர் மூச்சு வாங்கியது எல்லாம். பல்செட்டக்கா அன்றிலிருந்து பஸ்ஸில் வேலைக்குப் போனாள். முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டபோது, "நான் வந்துட்டேன், என் கை வந்துடுச்சு. சைக்கிளுக்கு மட்டும்தான் லீவு" என்றாள்.

வீடு அவ்வளவு சுலபத்தில் விடுமா? மருமகள் கெட்டிக்காரி. சொன்னால்தானே கனக்கிறது, சொல்லாமல் விட்டால்? சோப்பு, பிளேடு, வெள்ளை நூல் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, சைக்கிள் சீட்டுக்கடியில் இருக்கும் தோல் பைக்குள் பஞ்சர் ஒட்டும் சாமான்களோடு செருகிவிட்டாள். திரும்பி வந்த பிறகு, "அடடா, பார்க்கலையா அத்தை?" என்று கேட்டு, அடுத்த தெருக் கடைக்கு அனுப்பிவிடலாம் என்று கணக்கு. சைக்கிள் மேட்டுக்குப் பாதியில் நட்ட கல்லாக நின்றது. பின்னால் செங்கல் லாரி ஹாரன் அடித்தது. பல்செட்டக்கா இறங்கி, நிதானமாகப் பையைக் குடைந்து, காகிதத்தை எடுத்துப் படித்து, பின்பக்கம் வீட்டு விலாசத்தை எழுதினாள். லாரியின் ஜன்னலுக்கு நீட்டினாள்.

"போறதுதான் போறீங்க, அப்படியே இதையும் வாங்கிடுங்க. விலாசம் பின்னாடி எழுதியிருக்கேன்."

சாயங்காலம் லாரி வாசலில் வந்து நின்றது. டிரைவர் சோப்பும் பிளேடும் நூலும் கொண்டுவந்து மருமகள் கையில் கொடுத்தார். ஏன் வாங்கினோம் என்று பாவம் அவருக்கே விளங்கவில்லை. வரும் வழியில் லாரி ஏனோ இழுக்கவே இல்லை என்று மட்டும் முறையிட்டார்.

இதற்குள் தெருவில் வேறு பேச்சு கிளம்பியிருந்தது. எங்கேயும் போகாத பெண்பிள்ளை உண்டா, யாரையாவது பார்க்கத்தான் போகிறாள் என்று ஒன்பது வீட்டில் பேசினார்கள். பத்தாவது வீட்டில் யாரை என்பதுவரை சொன்னார்கள். காற்றுவாக்கில் அது டிக்கெட் பரிசோதகர் காதுக்கும் போனது. அடுத்த ஞாயிறு மச்சானின் பழைய சைக்கிளை இரவல் வாங்கி, ஒரு பர்லாங்கு இடைவெளி விட்டுப் பின்தொடர்ந்தார். மர மில்லைத் தாண்டவில்லை, அவர் சைக்கிள் கனக்கத் தொடங்கியது. நீரேற்று நிலையத்தில் இறங்கித் தள்ளினார். வேவு பார்ப்பது எத்தனை கிலோ என்று யாரும் எடை போடவில்லை. அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்த நாலு நாளை வைத்து ஊகிக்கலாம். சூளை வாசலில் தள்ளிக்கொண்டு நின்றவரை, திரும்பி வந்தவள் மணியடித்துக் கடந்தாள்.

"எங்க போயிட்டு வர்றீங்க?"

முப்பத்து நாலு வருடத்தில் அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. அவரிடம் டிக்கெட் இல்லை.

ஆக, விசேஷம் அவள் சைக்கிளில் மட்டும் இல்லை என்று தெரிந்துபோனது. இரண்டாவது கோடையில் பரணிலிருந்தும் கோழிக்கூண்டிலிருந்தும் பழைய சைக்கிள்கள் இறங்கின. சாவி போடுகிறவர் வந்தார், கணக்கு டீச்சர் வந்தார், ஜெராக்ஸ் கடை அக்கா தங்கை இருவரும் வந்தார்கள், பேக்கரிக்காரரும் அவர் சம்பந்தியும் வந்தார்கள். மொத்தம் ஏழு சைக்கிள். வங்கிக்காரர் ஒருவர் கியர் வைத்த புதுச் சைக்கிளில், எவ்வளவு கொழுப்பு கரைந்தது என்று சொல்லும் கடிகாரம் கட்டிக்கொண்டு வந்தார். கடிகாரத்தைக் கழற்றும்வரை வாசலைத் தாண்ட முடியவில்லை. கழற்றினார், தாண்டினார், அரை கிலோமீட்டரில் போரடிக்கிறது என்று திரும்பிவிட்டார். மற்ற ஏழு பேரும் இறக்கத்தில் ஒன்றாகப் பெடலை நிறுத்தும்போது ஏழு ஃப்ரீவீல்களும் சேர்ந்து பாடும் சத்தம் ஏரியின் மறுகரைவரை கேட்டது.

மூன்றாவது கோடையில் கவுன்சிலருக்குச் சந்தேகம் வந்தது. ஏழு பேர் வாராவாரம் காரணமே இல்லாமல் ஒன்றாகப் போகிறார்கள் என்றால் அது ஒன்றை ஆதரித்தா எதிர்த்தா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். நீரேற்று நிலையத்தருகே சாலையின் குறுக்கே ஒரு தடுப்புக் கட்டை போட்டார். பக்கத்தில் மேஜை, மேஜையில் பதிவேடு. பெயர், வயது, நோக்கம். நோக்கம் இல்லாதவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஏரிச் சாலை இல்லை. கூடவே ஒரு சலுகையும் அறிவித்தார்: வருகிற ஞாயிறு அவரே கொடி அசைத்து, இதை ஆரோக்கிய விழிப்புணர்வுப் பேரணியாகத் தொடங்கி வைப்பார். சைக்கிள்களில் பேனர் கட்டப்படும், தொப்பி இலவசம்.

சாவிக்காரர் பல்செட்டக்கா வீட்டுக்கு வந்து தலையைச் சொறிந்தார். "ஒரு துணிதானேக்கா. கட்டிக்கிட்டு அவங்க கண்ணுக்கு மறையற வரைக்கும் போயிட்டு, அவுத்துப் போட்டுட்டா முடிஞ்சுது."

"ஒரு தீப்பெட்டிதானேன்னுதான் இந்த வீட்டுலயும் ஆரம்பிச்சாங்க" என்றாள் அவள்.

ஆனாலும் ஞாயிறு அவள் போனாள். போகாமல் இருந்தால் பயந்துவிட்டாள் என்றாகிவிடும். மேளம் வந்திருந்தது, மைக் வந்திருந்தது. கவுன்சிலரின் ஆட்கள் அவர்களைக் கேட்காமலே ஏழு ஹேண்டில்பாரிலும் பேனரை இழுத்துக் கட்டினார்கள். கட்டை மேலே போனது. கவுன்சிலர் கொடியை அசைத்தார். ஏழு சைக்கிளும் நின்ற இடத்தில் நின்றன. மறுபடி அசைத்தார். கவுன்சிலர் வந்து சேர்ந்ததே பத்து மணிக்கு என்பதால் தார் இளகியிருந்தது, சக்கரங்கள் ஓர் அங்குலம் கீழே இறங்கின. பத்துப் பேர் தள்ளினார்கள், இன்னும் ஓர் அங்குலம். கிரேன் வந்து கட்டி இழுத்தது, கயிறு அறுந்தது. பின்னால் கவுன்சிலரின் கார், அதன் பின்னால் இரண்டு பஸ், அதன் பின்னால் அந்தச் செங்கல் லாரி. வெயில் ஏறியது. பல்செட்டக்கா சீட்டிலிருந்து இறங்கவில்லை. அவள் இறங்காததால் மற்ற ஆறு பேருக்கும் இறங்க வெட்கமாக இருந்தது.

"நல்ல காரியம்தானேம்மா, கொஞ்சம் ஒத்துழைங்க" என்றார் கவுன்சிலர்.

"நல்ல காரியம் இருபத்தாறு வருஷம் செஞ்சாச்சு. இது என் ஞாயித்துக்கிழமை."

மேஜைக்காரர் சமாதானமாக, சரி, பொழுதுபோக்கு என்றாவது எழுதிக்கொள்கிறேன் என்று எழுதினார். எழுதி முடிப்பதற்குள் ஏழு சைக்கிளும் மேலும் அரை விரல் இறங்கின. கவுன்சிலர் மைக்கைப் பிடுங்கிக் கத்தத் தொடங்கினார். பல்செட்டக்கா அவர் வாயையே பார்த்தாள். அவளுக்கு மனிதர்களை அங்கேயிருந்துதான் பார்த்துப் பழக்கம்.

"ரொம்பத் திறக்காதீங்க. அந்த மேல்வரிசை என் கையில செஞ்சது. பேசத்தான் தாங்கும், கத்தத் தாங்காது."

மைக் அவள் பக்கம் திரும்பியிருந்ததை இருவருமே கவனிக்கவில்லை. கவுன்சிலர் வாயை மூடினார். அன்று முழுதும் திறக்கவில்லை. அவள் குனிந்து பேனரின் முடிச்சை விரலால் அவிழ்க்கப் பார்த்தாள். வரவில்லை. பல்லால் கடித்து அறுத்தாள். பக்கத்தில் சாவிக்காரரும், அப்புறம் டீச்சரும், அப்புறம் மற்றவர்களும் கடித்தார்கள். பேக்கரிக்காரருக்கு மட்டும் சம்பந்தி கடித்துக் கொடுத்தார், ஏனென்றால் பேக்கரிக்காரருடையதும் பட்டறைப் பல். சைக்கிள்கள் தாரிலிருந்து, பாட்டிலின் மூடி கழன்ற மாதிரி, ஒவ்வொன்றாக மேலே எழும்பின.

கட்டையை இறக்க மேஜைக்காரர் கயிற்றில் கை வைத்தார். வேடிக்கை பார்க்கக் குடையோடு வந்திருந்த டிக்கெட் பரிசோதகர் அவர் கையைப் பிடித்தார். வாழ்நாளெல்லாம் ஆட்களை நிறுத்தியே பழகிய கை. "விடுங்க சார், எல்லாரும் என்கூட வந்தவங்க" என்றார்.

"உங்ககூட யாரு வந்தா?" என்று கேட்டுக்கொண்டே அவள் கட்டையைத் தாண்டிப் போனாள்.

அன்று மேலே போன கட்டை இன்னும் இறங்கவில்லை. அதில் ஏதோ கொடி படர்ந்துவிட்டது. ஏழு சைக்கிள்களின் பதினாலு பள்ளத்தையும் சாலைக்காரர்கள் ஒவ்வொரு வருடமும் அடைக்கிறார்கள். கோடையின் முதல் ஞாயிறு அவை அதே இடத்தில் திரும்ப வருகின்றன. பஸ் டிரைவர்கள் ஒதுக்கி ஓட்டப் பழகிவிட்டார்கள். பதிவேட்டில் நோக்கம் என்ற கட்டம் காலியாகவே போகிறது.

நான்காவது கோடையில் அவள் புருஷனைப் பார்த்து, "வர்றீங்களா?" என்றாள். "எங்கே?" என்றார், பழக்க தோஷம். மச்சானின் சைக்கிள் இம்மியும் நகரவில்லை. அந்தக் கோடை முழுக்க ஒவ்வொரு ஞாயிறும் அவள் கேட்டாள், அவரும் கேட்டார். ஐந்தாவது கோடையின் கடைசி ஞாயிறு அவர் வாயைத் திறந்து, மூடி, பேசாமல் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். சைக்கிள் போய்விட்டது. இடையில் பிடித்து நிறுத்தி எடை பார்த்ததாகவும், சைக்கிள் சரியாக இருபத்தோரு கிலோ, இரண்டு கிலோ துரு என்றும் பழைய பேப்பர் கடைக்காரர் சொல்கிறார். தராசு விஷயத்தில் அவரைத் தெரு இப்போது நம்புகிறது. அந்த வீட்டில் தீப்பெட்டி தீர்ந்தால் மகனோ மருமகளோ நடந்துபோய் வாங்கி வருகிறார்கள். அது ஒன்றும் கனக்கவில்லை என்கிறார்கள்.