மறக்க மறுத்த பெட்டி

1
ஒப்புக்கொண்டே தொடங்குகிறேன்: இந்தக் கதையில் வரும் தவறைச் செய்தவன் நான். பழியை ஒரு லிஃப்ட் மெக்கானிக் தலையில் கட்டியிருக்கிறேன். கோபித்துக்கொள்ள மாட்டார், அவரையே நான்தான் உண்டாக்கினேன்.

முதல் வரி: 'அன்று காலை வானம் மேகமூட்டமாக...' வேண்டாம். வானத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

2
மெக்கானிக்கின் மனைவி நர்ஸ். பத்து மணிக்கு ஆன்லைனில் பதவி உயர்வுத் தேர்வு. இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று; இதுதான் கடைசி வாய்ப்பு. ஒன்பதரைக்குத் தேர்வுப் பக்கம் திறக்க மறுத்தது.

காரணம், டிவிக்குப் பின்னால் இருந்த சின்னப் பெட்டி. வீட்டுக்கென்று அவர் வைத்த டிஎன்எஸ் சர்வர். இணையதளத்தின் பெயரைக் கேட்டால் முகவரி எண்ணைச் சொல்லும். கேட்டதைக் கொஞ்ச நேரம் நினைவில் வைக்கும். வேகம் வேண்டுமென்று மெக்கானிக் அந்தக் கொஞ்ச நேரத்தை ஒரு வாரமாக்கினார். கரண்ட் போனாலும் மறக்காதபடி கோப்பில் சேமிக்கவும் வைத்தார். தேர்வுத் தளமோ அன்று காலை புது முகவரிக்குக் குடிபோய்விட்டது. பெட்டி பழைய வாசலையே காட்டிக்கொண்டிருந்தது.

(போன் டேட்டா இல்லையா என்பீர்கள். அதில் பக்கம் ஆமையாய்த் திறந்தது. கேமரா போட்டு எழுத அந்த சிக்னல் பத்தாது.)

3
'அவள் கண்கள் கலங்கின' என்று எழுதி அடித்துவிட்டேன். அவள் அழுகிற ஆளில்லை. பெட்டியின் வயரைப் பிடுங்கிச் செருகிப் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"ஏங்க, உங்க பெட்டி என்னைப் பரீட்சை எழுத விடமாட்டேங்குது."

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணு."

"மூணு தரம் பண்ணிட்டேன்."

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "அது மறக்காதும்மா. நான்தான் அப்படி வச்சேன்."

"எதை அழிக்கணும்?"

"அழிச்சா சேர்த்து வச்சது மொத்தமும் போயிடுமே..."

"போகட்டும். நான் இன்னைக்கு எழுதியே தீருவேன். அழிக்கிற கட்டளையை ஒவ்வொரு எழுத்தா சொல்லுங்க."

மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே லிஃப்டின் மேல் உட்கார்ந்து அவர் சொன்னார். அவள் கம்ப்யூட்டரில் தட்டினாள். ஒரு எழுத்து பிசகியது, முதலிலிருந்து தட்டினாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

4
ஒரு முடிவில் அவளைப் பக்கத்து வீட்டுக்கு ஓடவிட்டேன். இன்னொன்றில் முதலிடம் வாங்கிக் கொடுத்தேன், சினிமாத்தனம். இரண்டையும் கிழித்தாயிற்று.

ஒன்பது ஐம்பத்தெட்டுக்குப் பக்கம் திறந்தது. "வச்சிடுங்க," என்றாள். கேமரா விளக்கு எரிந்தது. திரையில் முதல் விதி: தேர்வு எழுதுபவரைத் தவிர அறையில் யாரும் இருக்கக் கூடாது.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் எழுந்துவிட்டேன். நீங்களும் எழுந்திருங்கள். கதவைச் சத்தமில்லாமல் சாத்துங்கள்.