தையல்காரர் மனைவியின் கைகள்

முதியோர் இல்லத்துக்குப் பயிற்சிக்கு வந்த நர்சிங் மாணவிக்கு முதலில் கிடைத்த வேலை, பார்க்க வருகிறவர்களுக்குக் கை கழுவச் சொல்லிக்கொடுப்பது. அங்கே சிலருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொற்றத் தொடங்கியிருந்தன. கல்லூரியில் படித்ததை வாஷ்பேசின் முன்னால் நின்று ஒப்பிக்க அவளுக்கே கூச்சமாக இருந்தது. பாதிப்பேர், "இதுகூடவா எங்களுக்குத் தெரியாது?" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்கள்.

தையல்காரரின் மனைவி மட்டும் ஆசையாகக் கற்றுக்கொண்டாள். விரல் இடுக்கு, கட்டைவிரல், நகக்கண் என்று நுரை பொங்கத் தேய்த்தாள்.

"கல்யாணத்தன்னிக்குக்கூட நான் இவ்வளவு தேய்ச்சுக் குளிக்கல, கண்ணு" என்று சிரித்தாள்.

பக்கவாதம் வந்து கணவருக்கு வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. தினமும் மதியம் வந்து கஞ்சி ஊட்டுவாள். பக்கத்துக் கட்டிலில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். அவரைப் பார்க்க ஒருவரும் வருவதில்லை. அவர் வாயைத் திறந்து காத்திருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் அவருக்கும் இவளே ஊட்டுவாள். ஒருவரைத் தொட்டபின் கழுவிவிட்டுத்தான் அடுத்தவரிடம் போகவேண்டும் என்று மாணவி சொன்னதிலிருந்து அப்படியே செய்தாள்.

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல குழாயடிக்கு நடந்தே என் கால் தேஞ்சுடும்போல" என்பாள். தையல்காரர் ஒரு பக்க உதட்டால் சிரிப்பார்.

ஆயாக்கள் சிலரும் நோயில் படுத்துவிட, வேலைக்கு ஆள் போதாத ஒரு மதியம் வாத்தியாருக்கு வாந்தி வந்தது. மாணவி அடுத்த அறையில் ஒருவரைக் கழிப்பறையிலிருந்து தூக்கிக்கொண்டிருந்தாள். கூப்பிடும் குரல் கேட்டும், பிடித்திருந்தவரை விட்டுவிட்டு வரமுடியவில்லை. தையல்காரரின் மனைவி ஒரு பாத்திரத்தை எடுத்துப் பிடித்து, வாத்தியாரின் தலையைத் தாங்கிக்கொண்டாள். அந்தக் களேபரத்தில் மிரண்டுபோன தையல்காரர் அழுதபடி கட்டில் ஓரத்துக்குச் சரிந்தார். அவள் திரும்பி அவரை வாரிப் பிடித்தாள். அழுத முகத்தை அதே கையால் துடைத்தாள்.

மாணவி ஓடிவந்து, கையுறை மாட்டி வாத்தியாரைச் சுத்தம் செய்தாள். கையுறையைக் கழற்றியதும் தையல்காரரின் தலையணை நழுவுவதைப் பார்த்து அதைத் தூக்கி வைத்தாள். அதன் பிறகே இருவரும் கை கழுவப் போனார்கள்.

அந்த வாரம் முடிவதற்குள் தையல்காரருக்கும் நோய் வந்தது. ஏற்கெனவே நைந்துபோன உடம்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அங்கே இறந்துபோனார்.

அவருடைய துணிமணிகளை எடுத்துப்போக மகள் வந்தாள்.

"அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடலைங்க. நாளெல்லாம் குழாயைத் திறந்து வச்சுக் கையைக் கழுவிக்கிட்டே இருக்காங்க. தோல் உரிஞ்சுபோச்சு. என் தட்டுல சோறு போடக்கூட மாட்டேங்கிறாங்க. நீங்க ஒருதடவை வந்து பேசுங்களேன்."

பொறுப்பு நர்ஸ் மாணவியை அனுப்பிவைத்தாள். "எதையும் உறுதியாச் சொல்லிடாதே. ஆறுதலாப் பேசிட்டு வா."

வீட்டில் தையல்காரரின் மனைவி சமையலறை மூலையில் உட்கார்ந்திருந்தாள். கைகளை மடியில் வைக்காமல், யாருடையவோ போல, தள்ளிப் பிடித்திருந்தாள்.

"நான்தானே, கண்ணு?" என்றாள்.

இல்லவே இல்லை என்று சொல்ல மாணவிக்கு நாக்கு நுனிவரை வந்தது.

"தெரியலம்மா. உங்க கையா இருக்கலாம். என் கையாவும் இருக்கலாம். கிளவுஸைக் கழட்டிட்டுக் கழுவாம நான்தான் அவர் தலையணையைத் தூக்கி வச்சேன். அதுக்கு முன்னாடி அவரை எத்தனை பேர் தொட்டாங்களோ. யாராலயும் சொல்ல முடியாதும்மா."

"இல்லன்னு ஒரு பொய் சொல்லிட்டுப் போயிருக்கலாமே?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். மாணவி பையிலிருந்து களிம்பை எடுத்து அவள் கையைப் பிடித்தாள்.

"தொடாதேம்மா, வேண்டாம்" என்று இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். மாணவி விடவில்லை. வெடித்திருந்த விரல் இடுக்குகளில் களிம்பு பட்டதும் எரிந்திருக்க வேண்டும். அவள் உடம்பு குலுங்கியது.

"அழுதாரு, கண்ணு. பாப்பா மாதிரி அழுதாரு. எப்படித் துடைக்காம இருப்பேன்?" என்று வாய்விட்டு அழத் தொடங்கினாள். வாசற்படியில் நின்றிருந்த மகள் ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

அழுகை ஓய வெகுநேரம் ஆயிற்று. பிறகு மெதுவாகக் கேட்டாள்: "வாத்தியாரு?"

மாணவி தயங்கினாள். "தேறிட்டார்ம்மா."

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லாருக்கட்டும்" என்றாள். அதைச் சொல்ல அவள் பட்ட பாட்டை மாணவி பார்த்தாள். "யார் ஊட்டறா?"

"நாங்கதான்."

"சூடா இருந்தா வாயை மூடிக்குவாரு. நல்லா ஆற வச்சுக் குடுங்க."

வீட்டில் அவள் மறுபடி அடுப்புப் பக்கம் போனதாகவும், கைப்புண் ஆறிவருவதாகவும் மகள் பின்னர் ஃபோனில் சொன்னாள். இல்லத்துக்கு அவள் திரும்ப வரவேயில்லை. மாணவி கஞ்சியை ஆற வைத்துத்தான் கொடுத்தாள். வாத்தியார் கதவைப் பார்த்தபடி இரண்டு வாய் வாங்குவார், பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.